மூன்றாம் முறை முடித்தேன்

என்பிடெல் நடத்தும் 12 வார இணையவழிப் படிப்பு ஒன்றை முடிக்க நான் மூன்று முறை சேர வேண்டியிருந்தது. பாடம், நிகழ்தகவும் புள்ளியியலும். கல்லூரியை விட்டுப் பதினோரு வருடம் ஆகிவிட்ட எனக்கு, கணக்கர் வேலைக்கு நடுவே அது பெரிய ஆசை.

ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் (இந்திய அறிவியல் கழகம்) சேர்ந்து 2003இல் தொடங்கிய திட்டம்தான் என்பிடெல். சேர, படிக்கப் பைசா செலவில்லை. அதனாலேயே விடுவதும் எளிதாக இருந்தது. முதல் இரண்டு முறையும் ஒரு புதன்கிழமைக்குள் அனுப்ப வேண்டிய ஒப்படைப்பு (வாராந்திர வீட்டுப்பாடம்) தவறியதும், எல்லாம் போயிற்று என்று நிறுத்திவிட்டேன். 2011இல் ஸ்டான்ஃபோர்டில் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை உலகத்துக்கே இலவசமாகத் திறந்தபோது சேர்ந்தவர்கள் சுமார் 1,60,000 பேர். முடித்தவர்கள் ஏறக்குறைய 20,000 பேர்தான். அதைப் படித்த பிறகுதான் என்மேல் இருந்த கோபம் தணிந்தது.

மூன்றாம் முறை விதிமுறையைப் பொறுமையாகப் படித்தேன். 12 ஒப்படைப்புகளில் சிறந்த எட்டைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு 25 மதிப்பெண், நேரில் எழுதும் தேர்வுக்கு 75. அம்மா மருத்துவமனையில் இருந்த இரண்டு வாரங்கள் தவறியும் நான் வெளியேற வேண்டியிருக்கவில்லை. இதை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். தேர்வுக் கட்டணம் 1,000 ரூபாயையும் முதலிலேயே கட்டிவிட்டேன்.

என்னை அதிகம் வதைத்தது பேயஸ் தேற்றம். புதிய தகவல் ஒன்று கிடைத்ததும், ஒரு விஷயம் உண்மையாக இருக்கும் வாய்ப்பை மாற்றிக் கணக்கிடும் வழி அது. ஆங்கில விளக்கத்தை நான்கு முறை கேட்டும் பிடிபடவில்லை. எதிரே ஆசிரியர் இருந்தால் முகத்தைப் பார்த்தே இன்னொரு விதமாகச் சொல்லியிருப்பார். வீடியோவுக்கு அது தெரியாது. இரவு பத்து மணிக்கு வீடியோவை நிறுத்திவிட்டு நோட்டில் கட்டம் போட்டேன். 1,000 பேர். அவர்களில் 10 பேருக்கு நோய். பரிசோதனை அந்தப் பத்தில் 9 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. நோயில்லாத 990 பேரில் 89 பேருக்கும் தவறாக 'இருக்கிறது' என்கிறது. ஆக, 'இருக்கிறது' என்று முடிவு வந்தவர்கள் 98 பேர். உண்மையில் நோயாளிகள் அவர்களில் 9 பேர் மட்டுமே. பத்தில் ஒருவர்கூட இல்லை! அம்மாவின் பரிசோதனைத் தாள் மேசைமேல் கிடந்தது. அதை எடுத்து வேறு கண்ணோடு படித்தேன். கட்டணமில்லாமல் வீட்டுக்கே வந்த பாடம் அன்று எனக்குக் கொடுத்தது பெரிது.

சில பாடங்களுக்கு விரிவுரையின் தமிழ் வடிவமும் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கணக்கு வராமல் நிற்பவர்களைவிட ஆங்கிலத்தில் தடுக்கி நிற்பவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

தேர்வு மையத்தில் என்னைச் சுற்றிக் கல்லூரிப் பிள்ளைகள். நிபந்தனை நிகழ்தகவுக் கேள்வி (ஒன்று நடந்தது தெரிந்தால் இன்னொன்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்பது) வந்ததும், கொடுத்த வெள்ளைத் தாளில் அதே கட்டத்தைப் போட்டேன். 64 மதிப்பெண் கிடைத்தது.

ஜனவரிப் பருவத்தில் அடுத்த பாடம். இம்முறை அலுவலகத் தோழி ஒருவரும் சேர்ந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை மதிய உணவு நேரத்தில் இருவரும் ஒப்படைப்பைப் போட்டுப் பார்க்கிறோம்.