வேகத்தில் டிரில்: பதினோரு வாரப் பயிற்சிக் குறிப்பு

மோட்சார்ட்டின் கே. 545 என்று எண்ணிடப்பட்ட சி மேஜர் பியானோ சொனாட்டாவை மூன்றாவது முறையாகக் கையில் எடுத்திருக்கிறேன். 1788இல் எழுதி முடித்தபோது, தொடக்கநிலையினருக்கான சிறிய சொனாட்டா என்று மோட்சார்ட்டே தன் பட்டியலில் குறித்துவைத்த படைப்பு இது. ஆனாலும் முதல் பகுதியின் நான்காவது பாரிலேயே (தாளப் பகுதி) எஃப் சுரத்தின் மீது ஒரு சிறு டிரில், அதாவது அடுத்தடுத்த இரண்டு சுரங்களை விரைவாக மாற்றி மாற்றி வாசிக்கும் அலங்காரம், வந்து நிற்கிறது. சற்றுத் தள்ளி, கருப்பொருள்கள் அறிமுகமாகி முடியும் இடத்தில், ஏ மீது ஒரு நீண்ட டிரில். நிதானமாக வாசித்தால் இரண்டுமே நன்றாக விழும். மெட்ரோனோம் (தாளக் கருவி) நிமிடத்துக்கு 100 துடிப்பைத் தாண்டியதும் ஏ, பி இரண்டும் ஒன்றோடொன்று குழைந்து, ஈரக் காகிதத்தில் மை பரவியதுபோல ஆகிவிடும். இதற்கு முன் இரண்டு முறையும் இந்த இடத்தில்தான் கைவிட்டேன். இம்முறை விடுவதாக இல்லை.

முதல் மூன்று வாரங்களை வேகத்தைத் துரத்தியே செலவழித்தேன். 80இல் தொடங்கி, ஒவ்வொரு நாளும் நான்கு நான்காகக் கூட்டினேன். விரல்களை உயரத் தூக்கி, கட்டையை ஓங்கி அடித்தேன். முன்கை இறுகியது, இரண்டாவது வாரம் மணிக்கட்டுக்கு மேல் ஒரு வலியும் தங்கிவிட்டது. இரண்டு நாள் பியானோவைத் தொடவில்லை. வலி வந்த பிறகும் தொடர்ந்து வாசிப்பது எந்தப் பயிற்சியிலும் சேராது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

நான்காவது வாரம், கட்டைகளின் மட்டத்தில் கைபேசியை வைத்துப் படம்பிடித்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். நடுவிரல் பியை அழுத்தும் நேரத்தில், ஆட்காட்டி விரலுக்குக் கீழே இருக்கும் ஏ கட்டை பாதி உயரத்திற்குக்கூட எழவில்லை. அது எழும் முன்பே விரல் மறுபடி அதை அழுத்துகிறது. சில சமயம் தந்தியை அடிக்கும் சுத்தியல் அசைவதே இல்லை, சுரமே விழவில்லை. மற்ற நேரங்களில் ஏ அடங்காமல் பியின் மேல் ஏறி ஒலிக்கிறது. விரல் இறங்கும் வேகம் தாராளமாகவே இருந்தது. எழுவதில்தான் சுணக்கம்.

வாரக் கடைசியில் நண்பர் வீட்டுக் கிராண்ட் பியானோவில் உட்கார்ந்தபோது இதன் மறுபக்கம் புரிந்தது. என் வீட்டில் இருப்பது அப்ரைட், அதாவது நிமிர்ந்து நிற்கும் வகை. 104இல் நொறுங்கிக்கொண்டிருந்த அதே டிரில் அங்கே 112இலும் உருக்குலையாமல் வந்தது. காரணம் பியானோ தயாரிப்பாளர் செபாஸ்தியான் எரார் 1821இல் காப்புரிமை பெற்ற இரட்டை விடுவிப்புப் பொறி. கிராண்டில் கட்டை முழுவதும் மேலே வராவிட்டாலும் சுத்தியலை மறுபடி எய்ய முடிவது அதனால்தான். வழக்கமான அப்ரைட்டில் அந்த வசதி இல்லை. கட்டை ஏறக்குறைய முழு உயரத்துக்கும் திரும்பினால்தான் அடுத்த அடி விழும். கட்டையின் மொத்த இறக்கமே சுமார் 10 மில்லிமீட்டர்தான். அந்த இடைவெளி முழுவதையும் ஒவ்வொரு சுரத்துக்கும் நான் திருப்பிக்கொடுக்க வேண்டும். அதற்காக விரல் கட்டையை விட்டுப் பிரிய வேண்டியதில்லை. நுனி தொட்டபடியே கட்டையோடு சேர்ந்து மேலே வந்தால் போதும்.

அன்று முதல் பயிற்சியைத் தலைகீழாக மாற்றினேன். 60இல், துடிப்புக்கு ஒரே ஒரு சுரம். ஏ எங்கே அடங்குகிறது என்பதை மட்டும் கேட்டேன். அது அடங்கும் கணமும் பி பிறக்கும் கணமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு வாரம் முழுக்க இதையே, நாளுக்குப் பத்து நிமிடம். சலிப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்; சுரத்தின் தொடக்கத்தை மட்டுமே இத்தனை காலம் கேட்டுவந்த காதுக்கு அதன் முடிவைக் கேட்பது புது அனுபவமாக இருந்தது.

அடுத்தது துண்டு துண்டாக. முழு வேகத்தில் மூன்று சுரம் மட்டும் வாசித்து, கடைசிச் சுரத்தில் கையின் எடையை விட்டு நிற்பது. பிறகு ஐந்து, ஏழு, ஒன்பது. நின்ற இடத்தில் முன்கை இறுகியிருந்தால் அந்தத் துண்டு கணக்கில் சேராது. ஐந்திலிருந்து ஏழுக்குப் போக எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது.

நீண்ட டிரிலுக்கு 2-3 விரல்கள் (ஆட்காட்டி, நடுவிரல்) களைத்துப்போவதால் 1-3க்கு (கட்டைவிரல், நடுவிரல்) மாறினேன். பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல் முன்கை மிகச் சிறிதாகச் சுழல, விரல்களின் சுமை பாதியாகக் குறைந்தது. ஆனால் கட்டைவிரல் கனம் அதிகம்; ஏ தடித்து, பி மெலிந்து ஒலித்தது. இசையமைப்பாளர் பாகின் 1720ஆம் ஆண்டு அலங்காரப் பட்டியலில் உள்ளபடி மேல் சுரத்திலிருந்து தொடங்குவதே என் வழக்கம். பயிற்சிக்கு மட்டும் கீழ்ச் சுரத்திலிருந்தும் தொடங்கி, அழுத்தம் விழும் இடத்தை இரண்டு விரல்களுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். நாலைந்து நாளில் இரண்டும் சமமாயின.

இன்னொரு முடிவும் எடுத்தேன். முடிந்தவரை வேகமாக நடுங்கும் டிரில் வேண்டாம், எண்ணி வாசிக்கும் டிரில் போதும். 120இல் துடிப்புக்கு நான்கு சுரம் என்றால் நொடிக்கு எட்டு. நான்கு துடிப்பு நீளத்துக்குப் பதினாறு: பி-ஏ ஏழு முறை, கடைசியில் ஜி-ஏ என்ற வால், அதன்பின் ஜியில் இறக்கம். எட்டும் சமமாக விழுந்தால் காதுக்கு அது மின்னுகிறது. ஒழுங்கில்லாத பன்னிரண்டு எனக்குச் சத்தமாகவே கேட்கிறது.

வால்தான் கடைசித் தொல்லை. 1-3இல் ஓடிவந்த கை, ஜிக்கு இறங்கும்போது இடறியது. கட்டைவிரல் ஏயில் இருக்க, ஜிக்கு விரலே இல்லை. கடைசி இரண்டு ஏயை மட்டும் ஆட்காட்டி விரலுக்குக் கொடுத்தேன்: பி-ஏ-ஜி-ஏ-ஜி, விரல்கள் 3-2-1-2-1. நாள் முழுக்க இந்த ஐந்து சுரங்களை மட்டும் வாசித்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த இடறல் வரவில்லை.

பதினோராவது வார இறுதி நிலவரம்: 112இல் ஒவ்வொரு முறையும் தெளிவு. 120இல் ஐந்துக்கு மூன்று முறை. நேற்றுப் பதிவுசெய்ததைப் பாதி வேகத்தில் கேட்டேன். பதினாறு சுரங்களையும் தனித்தனியாக எண்ண முடிந்தது. நான்காவது பாரின் எஃப் டிரில் மட்டும் இன்னும் அவசரப்படுகிறது. அடுத்த வாரம் அதை 2-3இலேயே, இடது கையையும் சேர்த்து, 72இலிருந்து தொடங்குகிறேன்.