டெல்டாவில் ஐந்து நாள்: காரில் கிளம்புமுன் எழுதிய குறிப்புகள்

அக்டோபர் 26, 2025, ஞாயிறு

முதலில் தேதி. காவிரி டெல்டாவைப் பார்க்க நாள் குறிக்கும்போது மேட்டூரைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. மூடிவிட்டால் கொஞ்ச நாளில் காவிரியும் வெண்ணாறும் வெறும் மணல்தான். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது வயலெல்லாம் பச்சை, ஆனால் வாய்க்கால் உடைப்பு, சாலைத் துண்டிப்பு என்று எந்த நாளும் திட்டம் கவிழலாம். மிஞ்சுவது டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி கடைசி வரை. மார்கழியில் போனால் சம்பா நெல் கதிர் பிடித்து நிற்கும், தை பிறந்துவிட்டால் பழுத்துத் தலை சாய்ந்திருக்கும்.

இன்னொரு நல்ல நேரமும் உண்டு. செப்டம்பர் கடைசியில் ஒரு வயலில் குறுவை நெல் அறுப்பு நடக்கும், பக்கத்து வயலில் சம்பா நடவு. கண்ணுக்கு அதுதான் விருந்து என்பது எங்கள் கட்சி. இந்த வருஷம் அது கடந்துவிட்டது.

நவம்பர் 2, ஞாயிறு

தை மாதம் என்று முடிவு. நாட்காட்டியில் முதலில் அடிக்க வேண்டியவை: ஜனவரி 15 பொங்கல், 16 மாட்டுப் பொங்கல், 17 காணும் பொங்கல், 18 தை அமாவாசை. காணும் பொங்கலன்று கல்லணையிலும் பூம்புகாரிலும் கார் நிறுத்த இடம் இருக்காது. தை அமாவாசைக்குப் பூம்புகார், வேதாரண்யம், கோடியக்கரை மூன்றிலும் கடல் நீராடக் கூட்டம். ஆகவே 19, திங்கள் புறப்பாடு, 23, வெள்ளி திரும்புதல். தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. நம் கணக்கில் அங்கே போவது புதன், தப்பித்தோம்.

நவம்பர் 9, ஞாயிறு

பாதை. தொடக்கமும் முடிவும் திருச்சி. தஞ்சைக்கு நாற்கரச் சாலையில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அதில் போனால் டெல்டா கண்ணில் படாது. கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு என்று காவிரியை ஒட்டிப் போகும் மாநில நெடுஞ்சாலையைப் பிடிப்பதுதான் சரி.

நாள் 1: திருச்சி, கல்லணை, திருவையாறு, தஞ்சை. சுமார் 70 கி.மீ.
நாள் 2: மறுபடி திருவையாறு, கபிஸ்தலம், சுவாமிமலை, தாராசுரம், கும்பகோணம். மாலையில் கங்கைகொண்ட சோழபுரம் போய்த் திரும்புதல். சுமார் 120.
நாள் 3: மயிலாடுதுறை, பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகை. சுமார் 120.
நாள் 4: வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை. தங்கல் வேதாரண்யம். சுமார் 80.
நாள் 5: திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, நீடாமங்கலம், தஞ்சை, திருச்சி. சுமார் 165.

தஞ்சைக்கும் திருவையாற்றுக்கும் நடுவே இரண்டு தடவை போவது வீணில்லை. அந்த 13 கி.மீ.க்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் வரும். ஒவ்வொன்றிலும் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்தாலே முறைப்பாசனம் புரிந்துவிடும். கடைசி வாரங்களில் ஆறுகளுக்கு முறை வைத்துத்தான் விடுவார்கள். ஒன்றில் கரை தொட்டு ஓடும்போது அடுத்தது காய்ந்து கிடக்கலாம். கொள்ளிடம் காய்ந்திருந்தால் ஏமாற வேண்டாம், அது வெள்ள வடிகால்.

ஐந்தாம் நாள் பாதைக்கு ஒரு காரணம் உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து கிளம்பிய உப்பு சத்தியாகிரகிகள் தஞ்சை, கும்பகோணம், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகத்தான் வேதாரண்யம் நடந்து போனார்கள். நாம் அதில் பெரும்பகுதியைத் தலைகீழாக வருகிறோம்.

நவம்பர் 16, ஞாயிறு

மதிய நேரம்தான் இந்தப் பயணத்தின் சிக்கல். கோயில்களில் நண்பகல் 12, 12.30க்கு நடை சாத்தினால் மாலை 4க்குத்தான் திறப்பார்கள். தூரத்தை மட்டும் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் 12.15க்கு தாராசுரம் வாசலில் நிற்பது இதனால்தான்.

இரண்டாம் நாளை இப்படி அடுக்கியிருக்கிறோம். காலை 6.30 தஞ்சையில் புறப்பாடு. 8.30 சுவாமிமலை. அங்கே ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறைகள் உண்டு, மெழுகு உருவத்தின் மேல் பூசுவது காவிரி வண்டல் மண். 10 மணிக்கு தாராசுரம், 11.30க்குள் வெளியே. வெறுங்காலில் அதற்கு மேல் கருங்கல் தளம் சுடும், தையிலும் சுடும். 12.30க்குக் கும்பகோணத்தில் சாப்பாடு. 2.45க்குக் கிளம்பினால் அணைக்கரை வழியாகச் சுமார் 35 கி.மீ., நடை திறக்கும் நேரத்துக்கு கங்கைகொண்ட சோழபுரம். அணைக்கரையில் 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை, அதன் மேல் போகும் பாலம் குறுகல். எதிரே பஸ் ஏறிவிட்டால் காத்திருப்பதே மரியாதை.

பெரிய கோயிலை முதல் நாள் மாலையில் வைத்ததும் வெயிலுக்காகத்தான். 5 மணிக்கு மேல் விமானத்தின் மேற்குப் பக்கம் பொன்னிறம்.

சாப்பாடு: சிற்றூர்களில் மதிய உணவு 12.30 முதல் 2.30 வரை. 3 மணிக்குப் போனால் டீயும் வடையும்தான். அதற்கென்று திருவையாற்றில் கால் கிலோ அசோகா அல்வா வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 7, ஞாயிறு

வேகக் கணக்கு. ஆற்றுக்கரைச் சாலையில் மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் போட வேண்டாம். நாலு கி.மீ.க்கு ஓர் ஊர், ஊருக்கு இரண்டு வேகத்தடை, வாத்துக் கூட்டம் ஒன்று. மேப் காட்டும் நேரத்தோடு பாதியைக் கூட்டினால் சரியாக வரும்.

டிசம்பர் 21, ஞாயிறு

தை மாத டெல்டா சாலையில் இருக்கும் ஆபத்துகளை விரிவாக எழுதி வைக்கிறோம்.

நெல்: கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்துத்தான் எடுப்பார்கள் என்பதால் சாலையில் பாதியை அடைத்துக் காயப்போட்டிருப்பார்கள். ஓரத்தில் கல்லோ கட்டையோ வைத்திருக்கும், இரவில் தெரியாது. நெல் மேல் பிரேக் அடித்தால் வண்டி வழுக்கும். முன்பே வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேராகப் போக வேண்டும். முடிந்தவரை ஏற்றாமல் போவது விவசாயிக்கும் நல்லது.

வைக்கோல்: இதுதான் பயப்பட வேண்டியது. பரப்பிய வைக்கோலின் மேல் ஓட்டினால் அடியில் சுற்றிக்கொண்டு சூடான சைலன்சரைத் தொட்டுத் தீப்பிடிக்கும். தவிர்க்க முடியாமல் ஓட்டிவிட்டால் சிறிது தூரம் தள்ளி நிறுத்தி, டார்ச் அடித்து அடியில் பார்த்து இழுத்துப் போட வேண்டும். வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தவே கூடாது. ஒரு கிலோ தீயணைப்பான் முன் இருக்கைக்குக் கீழே.

கரை ஓரம்: வண்டல் களிமண் மேலே காய்ந்து தெரியும், உள்ளே ஈரம். படம் எடுக்க ஒதுங்கும் வண்டியின் இடது சக்கரம் இறங்குவது இதனால்தான். மதகு, கோயில் வாசல், பள்ளிக்கூட முகப்பு போன்ற கெட்டித் தரையில் மட்டும் நிறுத்தவும். மாட்டிக்கொண்டால் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்னும் புதையும். சக்கரத்துக்கு அடியில் வைக்கோல் திணித்து இரண்டாம் கியரில் மெல்ல ஏற்றலாம். (எதிரி நண்பனாகும் ஒரே இடம்.) ஜாக்கியும் இந்த மண்ணில் புதையும். ஓர் அடிச் சதுரம், ஓர் அங்குலக் கனத்தில் பலகை ஒன்று டிக்கியில் இருக்கட்டும்.

இருட்டு: 6.30க்குள் தங்குமிடம். பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிப்பர், சாலையை அடைத்து வரும் அறுவடை இயந்திரம் இரண்டும் இரவில்தான் இடம் மாறும். விளக்கைத் தேடிப் பச்சைப் பூச்சி கண்ணாடியில் அப்பினால் தண்ணீர் அடிக்காமல் வைப்பர் போடக் கூடாது, பசையாகப் பரவிப் பார்வையே போய்விடும். விடியலில் பனி மூட்டம் இருந்தால் லோ பீம் மட்டும். ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

ஜனவரி 4, 2026, ஞாயிறு

கோடியக்கரை. வெளிமான் பார்க்க 6.30 முதல் 8.30 அல்லது மாலை 4க்கு மேல். நடுப்பகலில் மரநிழலில் படுத்துவிடும். ஆகவே நான்காம் நாள் மாலை ஒரு தடவை, ஐந்தாம் நாள் விடியலில் இன்னொரு தடவை. பூநாரைகள் ஆழமில்லாத உப்பு நீரில் தூரத்தில் நிற்கும், 8x42 பைனாகுலர் இல்லாமல் போனால் இளஞ்சிவப்புக் கோடுதான். மழை பெய்திருந்தால் சரணாலயத்துக்குள் வண்டித்தடம் சேறாகிவிடும். முதல் நாளே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் திட்டத்தை உறுதி செய்ய வேண்டும்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டோம். அனுமதி, படகு, காயலுக்குள் போய் வரும் நேரம் சேர்த்தால் தனியாக ஒரு நாள் கேட்கும்.

ஜனவரி 11, ஞாயிறு

எரிபொருள்: கணக்கு 555 கி.மீ., சுற்றல் 100 சேர்த்து 655. லிட்டருக்கு 15 என்றால் 44 லிட்டர். திருச்சியில் 25 போட்டு மூன்றாம் நாள் காரைக்காலில் நிரப்பினால் போதும். அது புதுச்சேரி ஒன்றியப் பகுதி, பெட்ரோல் விலை குறைவு. மலிவாக இருக்கிறதென்று மது பாட்டிலையும் டிக்கியில் போட்டால் எல்லைச் சோதனையில் மாட்டுவோம்.

ஸ்டெப்னிக் காற்று, வைப்பர் ரப்பர், வாஷர் தண்ணீர் பார்த்தாயிற்று. பலகை இன்னும் அறுக்கவில்லை. திரும்பியதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அலச வேண்டும், வேதாரண்யம் உப்பளச் சாலையின் தூசி இரும்பைத் தின்னும். 24, சனி காலைக்கு வாட்டர் வாஷ் சொல்லி வைத்திருக்கிறது.