பழுப்பு ஏறாத ஸ்லைடு

வாய்ப்புற்றுக் கட்டிகளில் மேஜ்-ஏ4 புரதம் இருக்கிறதா என்று பார்ப்பதே மதுரையில் நான் செய்த முதுநிலை ஆய்வு. புற்று-விந்தக ஆன்டிஜென்கள் எனப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது அந்தப் புரதம். 1991இல் பெல்ஜியத்தில் தியரி பூன் குழுவினர் இக்குடும்பத்தின் முதல் மரபணுவைக் கண்டறிந்தார்கள். நலமான உடலில் பெரும்பாலும் விந்தகத்தில் மட்டுமே செயல்படும் இம்மரபணுக்களை மற்றத் திசுக்களில் மெத்தில் குழுக்கள் என்ற வேதிப் பூட்டுகள் அடக்கி வைத்திருக்கின்றன. சில கட்டிகளில் அந்தப் பூட்டு கழன்றுவிடுகிறது.

நெறிமுறைக் குழுவின் அனுமதி சிரமமின்றிக் கிடைத்தது. மெழுகில் பதித்த வாய்ப்புற்றுத் திசுத் துண்டுகளான பிளாக்குகளுக்கும் குறைவில்லை; புகையிலை போடும் பழக்கம் இங்கே அவ்வளவு பரவியிருப்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஆனால் அந்தப் புரதத்தில் ஒட்டி, அது இருக்கும் செல்லைப் பழுப்பாகக் காட்ட உதவும் எதிர்ப்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்பதை விந்தகத் திசுவை உடன் வைத்துத்தான் உறுதிசெய்ய முடியும். புராஸ்டேட் புற்றுக்காக விந்தகம் அகற்றப்படவிருந்த, உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் ஒப்புதல் கேட்கப் போய், எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். "வீசத்தான தாயி போறாங்க, நாலு பேருக்கு ஆகும்னா வச்சுக்க" என்று அவரே பேனாவைக் கேட்டு வாங்கி, எழுத்தெழுத்தாகக் கையெழுத்திட்டார்.

முதல் முறை சாயமேற்றியபோது எல்லாக் கட்டிகளும் நீலமாகவே, அதாவது புரதம் இல்லாதவைபோலவே நின்றன. விந்தக ஸ்லைடிலும் ஓரத்தில் மட்டுமே மங்கிய பழுப்பு இருந்தது. விசாரித்தபோது, விந்தகத்தைப் பிளக்காமல் முழுதாகவே, திசுவைச் சிதையாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டிருந்தது தெரிந்தது. மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே ஊடுருவும் ஃபார்மலின், அந்தத் தடித்த வெள்ளுறையைக் கடந்து நடுப்பகுதியை எட்டுவதற்குள் செல்கள் சிதைந்துவிட்டன. பெரியவர் மனமுவந்து கொடுத்தது வீணானதை என்னால் எளிதில் தாங்க முடியவில்லை. டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களைக் கொண்டு மேஜ்-ஏ4ஐக் குறிவைக்கும் சிகிச்சைக்கு, சைனோவியல் சார்கோமா என்ற அரிய புற்றுக்காக, அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்தது. கட்டியில் அந்தப் புரதம் இருந்தால்தான் அதைத் தருவார்கள். 'இல்லை' என்று நாம் தவறாக எழுதினால் அது ஒருவருக்கு மூடப்படும் கதவு.

அடுத்த முறை அறுவை அரங்கின் வாசலிலேயே காத்திருந்து, விந்தகத்தை வாங்கி நானே பிளந்து ஃபார்மலினில் இட்டேன். அப்போதும் நிறம் போதவில்லை. திசு நன்றாக இருந்ததால், ஃபார்மலின் மறைத்த புரதத்தை மீண்டும் வெளிக்காட்டுவதற்காகச் சிட்ரேட் கரைசலில் ஸ்லைடுகளைச் சூடாக்கிய நேரம் குறைவு என்பதை உறுதியாகச் சொல்ல முடிந்தது. அதைக் கூட்டியதும் விந்து நுண்குழல்களின் வெளிவிளிம்பை ஒட்டி வட்டம் வட்டமாகப் பழுப்பு ஏறியது. அதே நாளில் நாக்குப் புற்று ஒன்றின் ஸ்லைடில், நீலச் செல்களுக்கு நடுவே ஒரு கொத்து மட்டும் அதே பழுப்பில் தெரிந்தது.