வயர்ஷார்க் பில்ட் ஆகிவிட்டது! கியூட்டியும் சிமேக்கும் படுத்திய பாடு

ஒருவழியாகச் சரிவந்திட்டுது. நெட்வொர்க்கில் போய்வரும் தரவைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்தான் வயர்ஷார்க்; அதன் சோர்ஸ் கோடை எடுத்து நானே கம்பைல் செய்தது (அதாவது ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றியது) இப்போது என் மடிகணினியில் ஓடுகிறது. விண்டோஸ் 11, விஷுவல் ஸ்டூடியோ 2022 கம்யூனிட்டி. பில்டுக்கு வேண்டிய கருவிகளான கிட், சிமேக் (பில்டை அமைத்துக் கொடுப்பது), பைத்தான், வின்ஃபிளெக்ஸ்பைசன் எல்லாம் சாக்லேட்டி என்ற மென்பொருள் நிறுவி வழியாகச் சத்தமில்லாமல் வந்து இறங்கின.

சத்தம் போட்டது, வயர்ஷார்க்கின் விண்டோ, பட்டன்களை வரையும் லைப்ரரியான கியூட்டிதான். அதன் இன்ஸ்டாலரில் மிங்ஜிடபிள்யூ, எம்எஸ்விசி (விஷுவல் ஸ்டூடியோவினுடையது) என்ற இரண்டு கம்பைலர்களுக்கான பதிப்புகளும் அடுத்தடுத்துக் கிடக்கும். எம்எஸ்விசி 64 பிட்டைத்தான் எடுக்க வேணும். சி பிளஸ் பிளஸ் பெயர்களை இரண்டு கம்பைலரும் வேறு வேறு விதமாகக் குறியிடுவதால் ஒன்றின் லைப்ரரி மற்றதோடு லிங்க் ஆகாது. கியூட்டி 5 கம்பேட்டிபிலிட்டி, மல்டிமீடியா இரண்டுக்கும் டிக் போட மறக்க வேண்டாம்.

அதற்குப் பிறகும் விடவில்லை. பழைய கியூட்டியை அழிக்காமல் புதிய பதிப்பையும் போட்டு, கியூட்டி எங்கே இருக்கிறது என்று சிமேக்குக்குச் சொல்லும் பிரிஃபிக்ஸ் பாத்தைப் புதியதற்கு மாற்றினேன். சிமேக் அசையவே இல்லை. பில்ட் ஃபோல்டரில் சிமேக்கேஷ் என்ற டெக்ஸ்ட் கோப்பு இருக்கிறதே, அதை நோட்பேடில் திறந்தால் கியூட்டி6 டிஐஆர் என்ற வரியில் பழைய ஃபோல்டர் அப்படியே குந்திக்கொண்டிருக்கிறது! ஒருமுறை கண்டுபிடித்ததை அங்கே எழுதிவைத்து, அடுத்தடுத்த முறையும் அதையே எடுக்கும். பில்ட் ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். சோர்ஸ் வேறு ஃபோல்டரில் இருப்பதால் ஒன்றும் போகாது.

கமாண்ட் விண்டோவில் செட் கட்டளையால் கொடுத்த வேரியபிள்கள் (பிரிஃபிக்ஸ் பாத் போன்றவை) விண்டோவை மூடினால் போய்விடும். எல்லாவற்றையும் ஒரு பேட்ச் கோப்பில் எழுதி, விஷுவல் ஸ்டூடியோவின் எக்ஸ்64 நேட்டிவ் டூல்ஸ் பிராம்ப்ட்டைத் திறந்த கையோடு ஓட்டுவதுதான் வசதி. வரிக் கடைசியில் ஸ்பேஸ் இருந்தால் அதுவும் பாதையோடு ஒட்டிக்கொள்ளும், கவனம்.

மற்ற லைப்ரரிகளை முதல் ஓட்டத்தில் சிமேக்கே இறக்கிக்கொள்ளும். நான் அதை இரவு டேட்டாவுக்கு விட்டேன். தம்பி கொழும்பு யூனிட்டி பிளாசாவில் வாங்கி வந்த எஸ்எஸ்டி இந்த வேலைக்குப் பெரிய உதவி. பழைய ஹார்ட் டிஸ்க்கில் இதைத் தொடங்கவே வேண்டாம்.

நெட்வொர்க்கில் போகும் தரவைக் கப்சர் செய்ய என்பிகேப் என்ற டிரைவரைத் தனியாகப் போட வேணும். சேமித்த கோப்பைத் திறக்க மட்டும் என்றால் தேவையில்லை. போட்டதும் வீட்டு ரவுட்டருக்குப் போகும் டிஎன்எஸ் கேள்விகள் (இணையதளப் பெயருக்கு முகவரி கேட்பவை) வரிசையாக ஓடத் தொடங்கின. சொந்த பில்டில் அதைப் பார்க்கிற சந்தோஷமே வேறு.

என்எஸ்ஐஎஸ் என்ற கருவியைப் போட்டு இன்ஸ்டாலர் செய்வது இன்னும் மிச்சம். ஆனால் மனம் இப்போதே திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போய்விட்டது. கப்பல்கள் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் ஏஐஎஸ் செய்திகளை (கப்பலின் அடையாளம், இடம் போன்றவற்றைச் சொல்பவை) ஆர்டிஎல் எஸ்டிஆர் என்ற யூஎஸ்பி ரேடியோ டொங்கிளில் பிடித்து, யூடிபி நெட்வொர்க் முறையில் கணினிக்கு அனுப்பி, நானே எழுதும் டிசெக்டரால் (செய்தியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் துணை நிரல்) பிரிக்க வேணும். இந்த விஎச்எஃப் ரேடியோ அலை நேர்ப்பார்வையில் போவதால் அன்டெனாவுக்கு மேடான உவர்மலை நல்ல இடம். அங்கே இருக்கிற மச்சானின் மொட்டை மாடியைக் கேட்டிருக்கிறேன். ஆறு பிட் ஆறு பிட்டாக அடைத்த செய்தியை முதலில் லுவா நிரல்மொழியில் பிரித்துப் பார்த்து, சரிவந்தால் சி மொழிக்கு மாற்றப்போகிறேன். திருமலையில் யாரிடமாவது டொங்கிள் சும்மா கிடந்தால் சொல்லுங்கள்.