எட்டு செல்

மே 12
ஐ.வி.எஃப். சிகிச்சை. என் சினைப்பையிலிருந்து ஒன்பது முட்டை எடுத்தார்கள். திரும்பி வரும்போது சூளகிரி தாண்டியதுகூடத் தெரியாமல் தூங்கினேன்.

மே 13
ஃபோன் வந்தது. ஆறு கரு.

மே 15
நான்கு மட்டும் எட்டு செல்லுக்கு வந்திருக்கின்றன. ஒன்று ஐந்திலேயே நிற்கிறது. இன்னொன்று போய்விட்டது. "நாலு இருக்கில்ல" என்றார் அவர். இருக்கின்றன.

பதினைந்து வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மொருலா, அந்த செல் உருண்டையான கரு, வரைகிறேன். செல்கள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும் என்று ஒரே வரியில் தாண்டிவிடுவேன். எப்படி என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை.

மே 16
இன்று கூப்பிட மாட்டார்கள். இன்றுதான் அந்த நெருக்கம் நடக்க வேண்டும்.

ராத்திரி அத்தை களி கிண்டினார். கையை நனைத்து உருட்டி வைத்த உருண்டைகள் தட்டில் ஓரம் தொட்டு நின்றன. களியை அழுத்தக் கை வேண்டும். கருவை யாரும் அழுத்துவதில்லை. ஒவ்வொரு செல்லின் சவ்வுக்கு அடியிலும் ஆக்டின் என்ற புரத இழைகள் வலையாகக் கிடக்கின்றன, மயோசின் என்ற இன்னொரு புரதம் அவற்றைப் பிடித்து இழுக்கிறது. நம் தசையை இழுப்பதும் இதே ஜோடிதான். வெளிப்பக்கம் விறைப்பு ஏற ஏற, செல்கள் ஒன்றோடொன்று படிந்து, இடையில் இருந்த கோடே மறைந்துவிடும்.

2024இல் பாரிஸ் க்யூரி நிறுவனத்தில் மனிதக் கருவிலேயே இதை அளந்துவிட்டார்கள். நுண்ணிய கண்ணாடிக் குழாயால் செல்லின் பரப்பை மெல்ல உறிஞ்சிப் பார்த்தார்கள். வெளிப்பரப்பில் இழுவிசை நான்கு மடங்கு ஏறியிருந்தது. செல்லும் செல்லும் தொடும் இடத்தில் அப்படியேதான் இருந்தது. இழுக்கத் தெம்பில்லாத செல் கூட்டத்தில் சேராமல் வெளியே நின்றுவிடுகிறதாம். அந்த வரியை எத்தனை தடவை படித்தேனோ.

"சூட்டோட சாப்பிடும்மா" என்றார் அத்தை. ஆறிப்போயிருந்தது.

மே 17
இரண்டு தேறின. ஒன்றைக் கருப்பையில் வைத்தார்கள், மற்றது உறைநிலையில். திரையில் காட்டினார்கள்: நடுவில் நீர், சுற்றிலும் மெல்லிய விளிம்பு, ஒரு ஓரத்தில் சின்னக் குவியல். அந்தக் குவியல்தான் பிள்ளை.

மே 18
படத்தைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். எடுத்தேன். வைத்தேன்.

மே 19
கணக்குப்படி இந்நேரம் கரு தன்னைச் சுற்றிய உறையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். உள்ளே நீர் சேரச் சேர, உறை மெலிந்து கிழியும். கொல்லையில் செந்தூரா மாம்பழம் ஒன்று தானாகப் பொத்தென்று விழுந்தது. கை வயிற்றுக்குப் போய்விட்டது.

மே 23
இடது பக்கம் லேசாக இழுக்கிறது. நல்லதா கெட்டதா, யாரைக் கேட்பது?

மே 26
வெளியே நின்ற அந்தச் செல் அப்புறம் என்ன ஆகும்?

மே 28
ஆறு மணி பஸ். கரு தங்கியதா என்று பார்க்க ரத்தம் கொடுத்தாயிற்று. மதியத்துக்கு மேல் கூப்பிடுவார்களாம். ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே