ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவில்

மார்ச் 3, திங்கள்
அப்பாவுக்கு அடுத்த திங்கள் காலை எட்டு மணிக்கு ஒப்பரேஷன் என்று எழுதித் தந்தார்கள். அப்பா துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஓட்டோவில் ஏறிய பிறகுதான் வாய் திறந்தார். "திங்கள் ஏழரை தொடங்கி ஒன்பது வரை இராகுகாலம் எல்லே, தம்பி?"

மார்ச் 4
நித்திரை இல்லை.

மார்ச் 5
சந்திராட்டமம் வேறு, அப்பாவின் ராசிக்கு எட்டில் சந்திரன் நிற்கும் ஆகாத நேரம். பழைய வாய்பாட்டின்படி கணிக்கும் அப்பாவின் வாக்கிய பஞ்சாங்கத்தில் ஞாயிறு இரவே முடிந்துவிடுகிறது. மாமா வீட்டில் இருக்கும், திருத்திய கணக்கிலான திருக்கணித பஞ்சாங்கத்திலோ திங்கள் காலை ஏழு மணி வரை. திருக்கணிதம்தான் வானத்தோடு ஒத்துப்போகும் என்று மாமா போனில் வாதாடினார். "முன்னோர் சொன்னதைத் திருத்த இவையள் ஆர்?" என்றார் அப்பா. முப்பது வருடம் கணிதம் படிப்பித்த மனுஷன்!

மார்ச் 7
வார்டில் இருந்து அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரி பற்றி வாசித்தேன். 1829இல் ஒரு சந்திர கிரகணம். பஞ்சாங்கம் கணித்த அராலி விசுவநாத சாஸ்திரியார் சொன்ன நேரம் பிழை என்று அமெரிக்க மிஷனரி டானியல் பூவர் தன் கணக்கால் காட்டினார். பஞ்சாங்கம் சரிந்தால் புராணமும் சேர்ந்து சரியும் என்பது அவர் எண்ணம். ஆனால் சாஸ்திரியாரின் கணக்கிலும் இராகு நிலவை விழுங்கவில்லையே! பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தத்திலேயே சந்திர கிரகணம் பூமியின் நிழல்தான். பிழைத்தது எண்கள் மட்டுமே. கதை ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் என்று சாஸ்திரியார் வீட்டில் இரண்டும் சண்டையில்லாமல் இருந்திருக்கும், எங்கள் வீட்டைப்போல.

அதே செமினரியில் இருந்த மிஷனரி ஹொய்சிங்டன், சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தை ஆங்கிலமாக்கினார். அது 1854இல் வெளிவந்தது. ஆறுமுக நாவலரோ மிஷனரிமாரின் அச்சுக்கூட வழியையும் வினாவிடை முறையையும் எடுத்து அவர்களுக்கு எதிராகவே திருப்பினார். அப்பா சின்ன வயதில் பாடமாக்கிய, நாவலரின் சைவ வினாவிடையின் வடிவம் பாதிரிமாருடையது. இதை அவரிடம் சொல்லலாமா? இந்தக் கிழமை வேண்டாம்.

மார்ச் 8
டொக்டரிடம் நேரத்தைப் பற்றிக் கேட்க எனக்கு வெட்கம். அக்கா கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. "ஏழேகாலுக்கு உள்ள எடுத்தாச் சரியோ?" கிழமைக்கு நாலு பேராவது இதைக் கேட்பார்கள் போல. சரி, மாமாவுக்கும் சம்மதம்.

மார்ச் 9
நாளைக்கு நெற்றியில் திருநீறு பூசக் கூடாதாம். அதற்கு அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்
6.50. ட்ரொலி வரவில்லை.

7.12. இன்னும் இல்லை. அப்பா என் மணிக்கூட்டையே பார்க்கிறார். தாதியிடம் போய்க் கெஞ்சினேன். ஏன் அவசரம் என்று கேட்டார். காரணத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை.

7.20. வந்துவிட்டது. லிஃப்டுக்காக நிற்கிறோம்.

தியேட்டர் கதவு மூடியபின் பார்த்தேன், 7.33. என் மணிக்கூடு கொஞ்சம் முந்தி ஓடும். எத்தனை நிமிடம் என்றுதான் தெரியவில்லை.