அலுமாரிச் சாவி

முதல் ஆறு மாதம் நான் செய்த மடத்தனத்தைச் சொல்லிவிட்டே மற்றதற்குப் போக வேண்டும். கொழும்பு மட்டக்குளியில் சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு யுகுலேலே, அதாவது குட்டிக் கிட்டார் மாதிரியான ஒரு வாத்தியம், சொல்லிக்கொடுக்கிறேன். பதினான்கு பிள்ளைகள், ஒன்பது யுகுலேலே. வகுப்பு முடிந்ததும் ஒன்பதையும் எண்ணி, துடைத்து, அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அடுத்த கிழமை வந்து பார்த்தால் பிள்ளைகளுக்கு எல்லாம் மறந்துபோயிருக்கும். இதுகளுக்குக் கவனமே இல்லை என்று வீட்டில் புலம்பியிருக்கிறேன். சாவி என்னிடம் இருந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

நான் உண்மையில் கிட்டார்காரன். கிட்டார்தான் படிப்பிக்க நினைத்தேன், ஆனால் 2022 இல் டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 360க்குத் தாவியதும் அந்த எண்ணம் போய்விட்டது. அப்புறம் பார்த்தால் யுகுலேலேதான் சரியான சாமான். சோப்ரானோ என்கிற சின்ன வகை 21 அங்குலம், ஏழு வயதுப் பிள்ளையின் மடியில் அடங்கும், பெரிய சொப்பிங் பேக்கிலும் அடங்கும். ஆறு இரும்புத் தந்திக்குப் பதிலாக நாலு நைலோன் தந்தி, விரல் நுனி கன்றிப்போகாது. முக்கியமாக, சி கோர்ட்டுக்கு (கோர்ட் என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ஒரே ஒரு விரல் போதும்: முதல் தந்தியில் மூன்றாவது ஃபிரெட், அதாவது வாத்தியத்தின் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளில் மூன்றாவது. வந்து பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளை சுருதியோடு ஏதோ ஒன்றை வாசித்துவிடும். கிட்டாரில் அதற்கு ஒரு மாதம் அழ வேண்டும்.

ஃபிரெட் என்று நான் சொன்னது அவர்களுக்கு பிரெட் என்று விழுந்திருக்கிறது. ஒருத்தன் "மூணாவது பாண்" என்றான், வகுப்பே சிரித்தது, அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் அதற்குப் பெயர் பாண்தான். ஜி செவன் கோர்ட் முக்கோணம். சி கோர்ட் ஒத்தவிரல். "ஒத்தவிரல், பிறகு முக்கோணம், ரெண்டாம் பாணில் அழுத்து" என்று ஒன்றையொன்று திருத்திக்கொள்வதை வெளியாள் கேட்டால் பேக்கரி வகுப்பு என்றுதான் நினைப்பார்.

தாளம் பிடிப்பதில் ஒரு வேடிக்கை. ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணச் சொன்னால் தடுமாறுகிறார்கள், பைலா ஆட்டப்பாட்டின் அடி என்றால் சொல்லியே கொடுக்க வேண்டாம், கல்யாண வீட்டிலும் கிரிக்கெட் மேட்ச் பப்பரே பாண்ட் வாத்தியத்திலும் கேட்டுக் கேட்டு அது கைக்குள் ஏறியிருக்கிறது. யுகுலேலேயின் பூர்வீகத்தைச் சொன்னது அன்றைக்குத்தான். பைலாவை இங்கே விட்டுப்போனதும் போர்த்துக்கேயர், யுகுலேலேக்கு வித்திட்டதும் போர்த்துக்கேயர். 1879 இல் மதெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறி ஹவாய்க்குப் போனவர்கள் கையோடு கொண்டுபோன குட்டி நாலுதந்தி வாத்தியம்தான் அங்கே யுகுலேலே ஆனது. தோட்ட வேலைக்குக் கப்பல் என்றதும் ஒருத்தி நிமிர்ந்து, "எங்கட அப்பம்மாட ஆக்கள் மாதிரியா சேர்?" என்றாள். அவள் குடும்பம் தேயிலைத் தோட்டங்கள் உள்ள ஹட்டன் பக்கமிருந்து வந்தது. ஓம், அதே மாதிரிதான் என்றேன்.

சரி, சாவிக்கு வருவோம். வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். கடைசியில் இறங்கிவந்தேன், ஆனால் அரைகுறையாக: சேதமானால் பெற்றோர் பொறுப்பு என்று ஒரு கடிதம் அடித்து, கையெழுத்து வாங்கி வரச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை ஐந்து பிள்ளைகள் வரவில்லை. ஒரு தாய் மட்டும் வந்து கடிதத்தை நாலாய் மடித்து மேசையில் வைத்துவிட்டு, "உடைஞ்சா எங்களால கட்ட ஏலாது சேர், பிள்ளை இங்கயே வாசிக்கட்டும்" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்த ஐந்து வீட்டுக்கும் நானே போனேன்.

போன பிறகுதான் சில விஷயங்கள் விளங்கின. ஒற்றை அறை வீடு, இரவு வேலை முடித்த அப்பா பகலில் தூங்குகிறார், பிள்ளை எங்கே வாசிப்பது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம், பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சை வெட்டித் தந்திக்கு அடியில், பாலத்துக்கு (தந்திகளைத் தாங்கும் கட்டை) பக்கத்தில் செருகினால் சத்தம் வாசிப்பவருக்கு மட்டும்தான். அம்மா வேலைக்குப் போனால் போனும் அவரோடு போய்விடும், டியூனர் செயலி கிடையாது. ஆகவே காதால் சுருதி சேர்க்கப் பழக்கினேன்: சி தந்தியின் நாலாம் பாண் இ தந்திக்குச் சமம், இ தந்தியின் மூன்றாம் பாண் ஜி, ஐந்தாம் பாண் ஏ. என்னிடம் கிட்டார் படிக்கும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இன்றும் இது வராது. (இடையில் ஒரு அமைப்பு இன்னும் பத்து வாத்தியம் தருவதாகச் சொன்னது, பிள்ளைகளின் வீட்டுக்குள் படம் எடுக்க விட வேண்டுமாம். ஒன்பதே போதும் என்று சொல்லிவிட்டேன்.)

ஒன்றரை வருடமாகிறது, பிள்ளைகள் முறைவைத்துக் கொண்டுபோகிறார்கள். ஒன்றில் தந்தியை இறுக்கும் திருகாணி தொலைந்தது. தகரச் சுவரில் மாட்டியிருந்த ஒன்று வெயிலில் பசை விட்டுப் பாலத்தோடு கழன்றது, அது நான் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டியது. விற்றவர் ஒருவரும் இல்லை.

போன மாதம் ஒரு பையன் இரண்டு வாரம் வராமல், மூன்றாம் வாரம் தலையைக் குனிந்துகொண்டு வந்து யுகுலேலேயை நீட்டினான். ஏ தந்தி வித்தியாசமாக, கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. தந்தி அறுந்துவிட்டது என்று வீட்டில் அழுதிருக்கிறான், முகத்துவாரத்தில் படகில் போகும் அப்பா தூண்டில் நைலோனில் ஒரு துண்டை வெட்டிக் கட்டிக்கொடுத்திருக்கிறார், முடிச்சும் மீன்காரர் முடிச்சு. தட்டிப் பார்த்தேன். மற்ற மூன்று தந்தியையும்விடத் துலக்கமாகக் கேட்டது! இரண்டு நாள் இறுக்கி இறுக்கி விட்டால் சுருதி நின்றது. பிறகு தேடினால், யுகுலேலேக்குத் தூண்டில் நைலோன் கட்டுகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேராம்.

அந்தத் தகப்பனையே கேட்டுக்கொண்டு, ஏ தந்திக்கு அரை மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒன்றும், சி தந்திக்கு இன்னும் தடிப்பாக ஒன்றுமாக நைலோன் வாங்க வலைக் கடைக்குப் போனேன். சுருளைக் கையில் வாங்கி விரலால் சுண்டிக் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்த என்னைக் கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன மீனுக்கு?" என்றார்.